கடையில் விற்பதை எல்லாம் வாங்கலாமா? திருச்சியில் ஒரு கிறிஸ்தவப் பொருட்கடை

திருச்சி நகருக்குள் இருக்கும் அந்தக் கடை, ஆண்டின் பெரும்பகுதியில் வேதாகமம், பாட்டுப்புத்தகம், செபமாலை, மெழுகுவத்தி ஆகியவற்றை விற்கும் அமைதியான இடம். நவம்பர் கடைசி வாரம் தொடங்கிப் பொங்கல் வரை அதன் முகமே மாறிவிடுகிறது. கீழ்த்தளத்தில் புத்தகங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் காகித நட்சத்திரங்களைத் தொங்கவிடுகிறார்கள். மாடியில் மரமும் குடில் பொம்மைகளும். படிக்கட்டுக்கு அடியில், பலர் கவனிக்காமல் போய்விடும் ஒரு மூலையில், குத்துவிளக்கும் மண்பானையும். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. சபையார், லுத்தரன்கள், பெந்தெகொஸ்தேக்காரர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று பில் போடும் கடை என்பதால், யார் எதை எடுக்கிறார்கள், யார் எதைக் கண்டதும் முகம் சுளிக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதே ஒரு படிப்பினை. குறைகளையும் எழுதப்போவதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இதை வெறும் பொருள் மதிப்புரையாக எழுதிவிட முடியாமல் செய்தது பில் மேசையின் ஓரத்தில் அடுக்கியிருந்த பத்து ரூபாய்ப் பிரசுரங்கள். அவற்றில் ஒன்று, கிறிஸ்மஸ் முழுவதுமே ரோமப் புறஜாதியாரின் (பிற தெய்வங்களை வணங்கியோரின்) சூரியத் திருநாள் என்றும், மரமும் நட்சத்திரமும் வைக்கும் வீட்டார் விக்கிரகாராதனைக்கு உடந்தையாகிறார்கள் என்றும் அடித்துச் சொல்கிறது. தலைக்கு மேல் நட்சத்திரங்களைத் தொங்கவிட்டு, அவற்றின் அடியிலேயே அவற்றைக் கண்டிக்கும் பிரசுரத்தையும் விற்கும் இந்த நடுநிலைமை எனக்குப் பிடித்திருந்தது. நட்சத்திரம், மரம் ஆகியவற்றோடு அந்தப் பிரசுரத்தையும் வாங்கினேன். ஆகவே இந்த மதிப்புரை அதற்கும் சேர்த்துத்தான்.

நட்சத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கெட்டித்தாளில் செய்த பல முனை நட்சத்திரங்கள் நன்றாகவே இருக்கின்றன. மடிப்புகள் கிழியவில்லை, உள்ளே எல்.இ.டி. விளக்கு போட்டால் வெளிச்சம் சீராகப் பரவுகிறது. பளபளப்பான பிளாஸ்டிக் வகையைத் தவிர்க்கலாம். வெயில் பட்டதும் நிறம் வெளுக்கிறது. புறச்சமயப் பூர்வீகம் பற்றிய கவலை இதற்குப் பொருந்தாது. பல முனை நட்சத்திரத்தை வாசலில் தொங்கவிடும் வழக்கம், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில் மொராவிய சபையார் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் நடத்திய பள்ளியிலிருந்து பரவியது. அதே சபையாரின் மிஷனரிகள் 1760 முதல் 1803 வரை நம் தரங்கம்பாடியில் இருந்தார்கள் என்பது தனிச்செய்தி. அவர்கள் இங்கிருந்து போன பிறகுதான் ஜெர்மனியில் நட்சத்திரம் பிறந்தது என்பதால், அது அவர்கள் கையால் நமக்கு வரவில்லை.

மரம் அப்படி எளிதில் முடிகிற விஷயமில்லை, பொருளாகவும் சரி, கேள்வியாகவும் சரி. நான்கடி உயரச் செயற்கை மரத்தின் கிளைகள் அடர்த்தியாகவே இருந்தன; ஆனால் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கால் முதல் நாளே விரிசல் விட்டது. மாற்றிக் கேட்டபோது, பெட்டியைப் பிரித்துவிட்டால் மாற்றித்தர இயலாது என்றார்கள். பிரிக்காமல் விரிசலை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு, மேசையில் இருந்த பெரியவர் சிரித்தபடி, "அதுவும் நியாயம்தான் தம்பி" என்றாரே தவிர மாற்றித்தரவில்லை. கடைசியில் ஒரு சிறிய மண்தொட்டியில் மணல் நிரப்பி மரத்தை நட்டோம்.

பிரசுரம் மிகவும் கோபப்படுவது இந்த மரத்தின் மீதுதான். வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசி நூலின் 10ஆம் அதிகாரத்தில் வரும், காட்டில் மரத்தை வெட்டி வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்து அசையாதபடி ஆணி அடித்து நிறுத்துகிறார்கள் என்ற கண்டனத்தை அது கிறிஸ்மஸ் மரத்துக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்காட்டுகிறது. அதிகாரத்தைத் தொடர்ந்து படிப்பவருக்குத் தீர்க்கதரிசி எதைப் பேசுகிறார் என்பதில் சந்தேகமே வராது. தச்சனின் கருவியால் செதுக்கப்பட்டு, பேச முடியாமல், நடக்க முடியாமல், சுமக்கப்பட வேண்டியதாக இருக்கும் சிலையைத்தான் அவர் சொல்கிறார். எங்கள் வீட்டு மரத்தைச் சுமக்கத்தான் வேண்டியிருந்தது என்றாலும், அதன் முன் யாரும் மண்டியிடவில்லை. வரலாற்றிலும் பிரசுரத்தின் வாதம் தள்ளாடுகிறது. ஜெர்மானியப் பழங்குடிகள் ஓக் மரத்தைப் புனிதமாகக் கருதியது உண்மை. 723ஆம் ஆண்டளவில் போனிஃபாசியுஸ் என்னும் மிஷனரி ஜெர்மனியின் கைஸ்மாரில் டோனார் தெய்வத்துக்குரிய ஓக் மரத்தை வெட்டிச் சாய்த்ததும் பதிவாகியிருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் அலங்கரித்த ஊசியிலை மரம் பற்றிய நம்பகமான பதிவுகள் 16ஆம் நூற்றாண்டில், இன்று பிரான்சில் இருக்கும் ஆல்சாஸ் பகுதியில்தான் தொடங்குகின்றன. 1605ஆம் ஆண்டின் ஸ்ட்ராஸ்பூர்க் குறிப்பொன்று, காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் தொங்கவிட்ட மரங்களைச் சொல்கிறது. டிசம்பர் 24ஆம் நாளில் ஆதாம் ஏவாள் கதையை நாடகமாக நடித்தபோது மேடையில் நிறுத்திய ஆப்பிள் மரமே அதன் முன்னோடி என்று கருதுவோர் உண்டு. டோனாரின் ஓக்குக்கும் ஆல்சாஸின் ஃபிர் மரத்துக்கும் நடுவே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பும் சான்று எதையும் பிரசுரம் காட்டவில்லை.

டிசம்பர் 25 பற்றிய அதன் பகுதியை மட்டும் அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அங்கேயும் பிழைகள் உண்டு. ரோமரின் சாட்டர்னேலியா திருவிழா டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும்; அதைப் பிரசுரம் 25க்கு நகர்த்திவிடுகிறது. ஆனால் 274ஆம் ஆண்டில் பேரரசர் அவுரேலியன் ‘வெல்லப்படாத சூரியன்’ என்ற தெய்வத்துக்கு ரோமில் ஆலயம் எழுப்பியதும், 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோம நாட்காட்டித் தொகுப்பில் டிசம்பர் 25ஆம் நாள் சூரியனின் பிறந்தநாளாகவும் கிறிஸ்துவின் பிறந்தநாளாகவும் இரு வேறு பட்டியல்களில் இடம்பெறுவதும் மறுக்க முடியாதவை. எது எதைப் பின்பற்றியது என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். இயேசு கருவான நாளும் சிலுவையில் மரித்த நாளும் மார்ச் 25 என்று நம்பிய பழங்காலத் திருச்சபையார், அதிலிருந்து ஒன்பது மாதம் கணக்கிட்டு இந்த நாளுக்கு வந்தார்கள் என்பது ஒரு சாரார் கருத்து. சூரியத் திருநாளுக்கு எதிராகவே இந்த நாள் தெரிந்தெடுக்கப்பட்டது என்பது மற்றொரு சாரார் கருத்து. பிரசுரம் இரண்டாவதை மட்டும் சொல்லி, அதையும் கள்ளத்தனமாக நடந்த மதக்கலப்பு என்ற தொனியில் சொல்கிறது. உண்மையில் அன்றைய தலைவர்களுக்கு ஆபத்து தெரிந்தே இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை முதலாம் லியோ, புனித பேதுரு ஆலயத்தின் படியேறும் கிறிஸ்தவர்கள் உள்ளே போகுமுன் உதயசூரியனைப் பார்த்துத் திரும்பித் தலைவணங்குவதைக் கிறிஸ்மஸ் மறையுரையிலேயே கடிந்துகொண்டார். அவர் பண்டிகையை நிறுத்தவில்லை. வணக்கம் யாருக்குப் போகிறது என்பதைத்தான் கேட்டார்.

பண்டிகையையே நிறுத்தியவர்களும் உண்டு, அவர்களை நான் இலேசாக எண்ணவில்லை. தூய்மைவாதிகளின் செல்வாக்கில் இருந்த ஆங்கிலேயப் பாராளுமன்றம் 1647இல் கிறிஸ்மஸையும் ஈஸ்டரையும் ஒழித்துச் சட்டம் இயற்றியது. கடல் தாண்டி மாசசூசெட்சில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்மஸ் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் அந்நாள் பொது விடுமுறையானது 1958இல்தான். யெகோவாவின் சாட்சிகள் 1926 வரை கொண்டாடிவிட்டு, பிறகு நிறுத்திக்கொண்டார்கள். வேதத்தில் கட்டளையிடாத எந்தப் பண்டிகையும் வேண்டாம் என்பது தூய்மைவாதிகளின் அடிப்படை; அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. எங்கள் பிரசுரக்காரர் அப்படியில்லை. அவருடைய பிரசுரத்தின் பின்னட்டையில் புத்தாண்டு உபவாசக் கூட்டத்துக்கு அழைப்பு இருக்கிறது. ஜனவரி முதல் நாளை ஆண்டின் தொடக்கமாக வைத்தவர்களும் அந்த ரோமப் புறஜாதியார்தான்.

மாடியில் மீதி இருப்பவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக்காலத்தில் நான்கு மெழுகுவத்தி வைக்கும் வளையத்தைப் புறஜாதிச் சின்னம் என்று ஓர் அம்மா தன் மகளிடம் சொல்லித் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அதை 1839இல் ஹாம்பர்க்கில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று நச்சரித்த ஏழைப் பிள்ளைகளுக்கு நாள் எண்ணிக் காட்டுவதற்காக ஒரு வண்டிச்சக்கரத்தில் செய்தார். கடையில் விற்கும் வளையத்தின் இலைகள் உதிர்கின்றன, அதுதான் அதன் குறை. குடில் பொம்மைகள் அருமை. முகங்களில் வண்ணம் கசியவில்லை, மாட்டுக்குத் திமில் வைத்திருந்தார்கள். 1223இல் அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரெச்சோவில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் காட்டிய பிறப்புக் காட்சிக்கு இந்தத் திமில் இன்னும் ஒரு படி நெருக்கம் தருவதாகவே எனக்குப் பட்டது. கிறிஸ்மஸ் தாத்தா முகமூடியில் மூச்சுவிட முடியவில்லை, வாங்க வேண்டாம்.

இனி அந்தப் படிக்கட்டு மூலை. கடையின் சிறந்த சரக்கு அங்கேதான் இருக்கிறது. உச்சியில் அன்னத்துக்குப் பதில் சிலுவை வைத்த பித்தளைக் குத்துவிளக்குகள் பல அளவுகளில் உள்ளன; வார்ப்பு சுத்தமாக இருக்கிறது, திருகு மரைகள் இறுகப் பொருந்துகின்றன, எண்ணெய் கசியவில்லை. சிலுவையும் புறாவும் பொறித்த தாலி உருக்களின் மாதிரிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சொன்னால் செய்து தருகிறார்கள். சிலுவைக்கோலம் அச்சிடும் குழலும், கழுத்தில் சிலுவை கீறிய பொங்கல் பானையும் உண்டு. பானை நன்றாகச் சுட்டது, தட்டினால் கணீரென்று ஒலிக்கிறது.

நான் அங்கே நின்றிருந்த நேரத்தில் மரமும் தாத்தாவும் மாலைகளும் கூடை கூடையாக இறங்கிப் போயின. அதே கூடைக்காரர்களில் சிலர் இந்த மூலையைப் பார்த்து, "இதெல்லாம் அவங்க வழக்கம், நமக்கு எதுக்கு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இந்த மதிப்புரையில் நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இதுதான்: அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். ஐரோப்பாவின் புறச்சமய வழக்கம் ஆயிரம் ஆண்டுக்கு முன் கழுவி எடுக்கப்பட்டுக் கப்பலில் வந்தால் அது கிறிஸ்தவம் என்றும், நம் மண்ணின் வழக்கம் சிலுவை பொறித்துக்கொண்டு வந்தாலும் புறஜாதி என்றும் தீர்ப்பளிப்பது விசுவாசத்தின் தீர்ப்பாகாது. அது பழக்கத்தின் தீர்ப்பு. அறுவடைக்கு நன்றி சொல்லி அரிசி பொங்குவதில் எந்தத் தெய்வத்துக்கு வணக்கம் போகிறது என்பதைப் பொங்குகிறவர்தான் தீர்மானிக்கிறார். சூரியனுக்குப் படைப்பவர் படைக்கிறார். அவர் வழிபாடு அது, அதை மதிக்கலாம். கோயில் வளாகத்தில் செபத்தோடு பானை ஏற்றும் பங்குமக்கள் அதைச் செய்வதில்லை. ஜனவரி 1ஆம் நாள் அழைப்பிதழோடு வரும் கேக்கை விசாரிக்காத நாம் 14ஆம் நாள் வரும் கரும்பை மட்டும் ஏன் விசாரிக்கிறோம்?

இந்த மூலையின் பொருள்களுக்குப் பின்னால் நம் நாட்டிலேயே நடந்த நீண்ட வழக்கு ஒன்று இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசுசபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்ற பெயரோடு காவியுடுத்தி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக வழக்கங்களே தவிர வழிபாடு அல்ல என்று வாதாடினார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவற்றை அனுமதித்தார். நூற்றாண்டு திரும்புவதற்குள் காற்று மாறியது. 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் ஓர் ஆணை வெளியிட்டுப் பல வழக்கங்களைத் தடைசெய்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும், மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறும் அவற்றில் சேரும். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அதை உறுதிசெய்தார். இங்கு பணிக்கு வரும் மிஷனரிகள் இந்த ஆணைகளைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்த நிலை 1940 வரை நீடித்தது. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969இல், திருப்பலியில் ஆரத்தியும் குத்துவிளக்கும் உள்ளிட்ட இந்திய வழக்கங்களுக்கு அனுமதி கிடைத்தது. இந்தக் கதையில் ஒரு தரப்பு முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். சாதி அடையாளமான பூணூலை வெறும் சமூக வழக்கம் என்று தெ நோபிலி கடந்து போனதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கல்லறைத் தோட்டங்களைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவர்களில் இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையார் உருவை மாற்றச் சொன்ன தூர்னோன் அந்த ஒன்றில் நியாயமாகவே கேட்டார். அந்த உரு போய்ச் சிலுவை வந்த பிறகும் தாலியைச் சந்தேகிப்பதுதான் பொருந்தவில்லை.

601இல் இங்கிலாந்துக்குப் போகும் துறவிகளுக்குத் திருத்தந்தை மகா கிரகோரி எழுதிய கடிதம் இதைவிட நிதானமானது. கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை அகற்றித் தீர்த்தம் தெளித்து ஆலயமாக்குங்கள்; மாடுகளைப் பலியிட்டுப் பழகிய மக்கள் இனி ஆலயத்தைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தலிட்டு, கடவுளுக்கு நன்றி சொல்லி விருந்துண்ணட்டும் என்றார் அவர். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனப் பண்டிகைக்குப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

கடைக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் பொருந்தும் விதி வேதத்திலேயே இருக்கிறது. வியப்பு என்னவென்றால், அது கடையைப் பற்றியதாகவே இருக்கிறது. கொரிந்து நகரத்துக் கடைத்தெருவில் விற்ற இறைச்சியில் ஒரு பங்கு விக்கிரகக் கோயில் பலியிலிருந்து வந்தது. அங்கே விற்பதை மனச்சாட்சிக்காக எதையும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்கிறார், அந்நகரச் சபைக்கு எழுதிய நிருபத்தில் அப்போஸ்தலன் பவுல். பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையது. ஆனால் ஒருவர் இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று சொன்னால், அவர் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதீர்கள் என்றும் உடனே சேர்க்கிறார். விக்கிரகக் கோயிலுக்குள் பந்தியில் உட்காருவதையோ முற்றிலும் மறுக்கிறார். பொருள் எங்கிருந்து வந்தது என்பது அவருக்குப் பெரிதில்லை. இப்போது யாருக்கு வணக்கமாகிறது, பக்கத்தில் இருப்பவர் இடறுகிறாரா என்பவையே பெரியவை. புதிதாக விசுவாசத்துக்கு வந்து, பழைய வழிபாட்டோடு இன்னும் போராடிக்கொண்டிருக்கும் ஒருவர் வீட்டுக்குக் குத்துவிளக்கைப் பரிசாகக் கொண்டுபோக மாட்டேன். அவருக்குக் காகித நட்சத்திரம் போதும்.

இந்த விதியை வைத்துப் பார்த்தால், கடையில் எனக்கு உண்மையாகவே உறுத்தியவை வேறு இரண்டு. ஒன்று, வியாபாரம் பெருகவும் கண்ணேறு நீங்கவும் வாசலில் பூசச் சொல்லும் சிறு செப எண்ணெய்க் குப்பி. மற்றொன்று, தீமை நுழையாமல் காக்கும் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கும், 91ஆம் சங்கீத வசனம் பொறித்த நிலைக்கதவு ஒட்டி. இரண்டிலும் வசனம் சுத்தமானது, பூர்வீகத்தில் பழுதில்லை, பிரசுரக்காரரும் இவற்றைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆனால் திருஷ்டிப் பூசணி செய்வதாக நம்பப்படும் அதே வேலையைத்தான் இவை செய்வதாகச் சொல்லி விற்கப்படுகின்றன. மரத்தை விட்டுவிட்டு எரேமியா இங்கேதான் முதலில் நிற்பார் என்று நினைக்கிறேன். ஒட்டியின் பசையும் மோசம்.

சேவையைப் பொறுத்தவரை, பணியாளர்கள் பொறுமையானவர்கள். எந்தச் சபை என்று கேட்டுவிட்டுப் பொருள் காட்டும் வழக்கம் அவர்களிடம் இல்லை. மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் முதியவர்களை மேலே அழைத்துப்போவது கடினம். கேட்டால் கீழே கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஜி.பே. வாங்குகிறார்கள், கூட்டம் அதிகமானால் பணமாகக் கேட்கிறார்கள். மரமும் மின்விளக்குத் தொடரும் வாங்குவோர் பெட்டியைக் கடையிலேயே பிரித்துக் காட்டச் சொல்லி, காலையும் வயரையும் பார்த்துவிட்டே பில் போட வேண்டும். குத்துவிளக்குக்கு எடை போட்டு விலை சொல்கிறார்கள், பேரம் இல்லை, விலை நியாயம். பொங்கல் பானை வேண்டுவோர் கிறிஸ்மஸ் வாரத்திலேயே சொல்லிவைப்பது நல்லது. பங்குக் கோயில்களிலிருந்து மொத்தமாக எடுத்துவிடுவதால் ஜனவரியில் பெரிய அளவு கிடைப்பதில்லை.